இரண்டு உயிருக்கு ஒரு சின்ன வயிறு

சித்தூர்ப் பக்கம் மருமகள் முழுகாமல் இருந்தால் தட்டில் விழும் கேழ்வரகுக் களி உருண்டை பெரிதாகிவிடும். ‘இரண்டு உயிருக்குச் சாப்பிடு’ என்பது மாமியாரின் ஆணை. உடல் பருமனுக்காக இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்ட மருமகள் அதற்குக் கட்டுப்பட முடியாது. அறுவையில் அவளுக்கு மிச்சம் விடப்பட்ட இரைப்பை சுமார் 30 மில்லிதான். அரை டம்ளர் காபிகூடக் கொள்ளாது. சிறுகுடலின் முதல் பகுதியை உணவு தொடாமல் போவதால் இரும்பும் கால்சியமும் உடலில் சரியாகச் சேராது.

அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் கரு வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். ஆனால் எடை இறங்கியதும் மாதவிலக்கு சீராகி, எதிர்பாராமல் கரு தங்கிவிடுவதும் உண்டு.

விசேஷம் என்று தெரிந்ததும் திருப்பதியிலிருந்து லட்டு வரும். ஒன்று சுமார் 175 கிராம். முழுசாகத் தின்றால் சர்க்கரை விறுவிறுவென்று சிறுகுடலில் இறங்கி, சற்று நேரத்தில் படபடப்பு, வியர்வை, தலைசுற்றல். கிள்ளி வாயில் போட்டுக்கொண்டால் பெருமாள் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. கர்ப்பகால நீரிழிவுக்கான பரிசோதனையில் குடிக்கச் சொல்லும் 75 கிராம் குளுக்கோஸும் இதே வேலையைச் செய்யும். அதற்குப் பதில் ஒரு வாரம் வீட்டிலேயே விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கலாம். ஆனால் அவள் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. சித்தூரானாலும் திருப்பதியானாலும் மகப்பேறு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவளின் பழைய அறுவை யார் கண்ணுக்கும் தெரியாது. புகுந்த வீட்டிலும் மறைத்தவள் பாடு இன்னும் திண்டாட்டம்.

தட்டில் முதலில் முட்டை, பருப்பு, தயிர். நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். களி அப்புறம், எலுமிச்சை அளவு. ஐந்தாறு வேளையாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும். தண்ணீர் அரை மணி கழித்து. இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவே 2 மணி நேரம் இடைவெளி. பி12 பெரும்பாலும் ஊசியாக.