தகரப் பெட்டியும் கைத்தொலைபேசியும்

பதுளைப் பக்கம் போய்ப் படம் எடுக்காமல் திரும்புகிறவர்கள் குறைவு. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் ஒன்பது வளைவுப் பாலம், தெமோதரை நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தால் சுற்றிச் செல்லும் புகையிரதப் பாதை, நகருக்கு அருகில் துன்ஹிந்த நீர்வீழ்ச்சி, தூரத்தில் நமுனுகல மலை. 1924ஆம் ஆண்டில் இந்தப் பாதை பதுளையை எட்டியது. தேயிலையைக் கொழும்புக்குக் கொண்டுபோக உதவிய பாதையின் ஓரத்தில் இன்று உல்லாசப் பயணிகள் கைத்தொலைபேசியுடன் நிற்கிறார்கள்.

சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்களையும் அவர்கள் படம் எடுக்கிறார்கள். அந்த முகங்கள் தபாலட்டையிலும் தேயிலைப் பெட்டியிலும் உலகமெல்லாம் போயிருக்கின்றன. ஹாலிஎல பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு சகோதரி சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க படத்த எத்தனையோ பேரு எடுத்துட்டுப் போயிட்டாங்க. எங்க கையிலதான் ஒண்ணும் இல்ல."

லயத்தில் படம் இருந்த இடம் தகரப் பெட்டி. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் படம் எல்லாம் அதற்குள்தான். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போகவேண்டும் என்று முடிவானது. அதன்பின் எத்தனையோ குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறின. அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று பிரிந்தவர்களுக்கு மிஞ்சியது பல வேளைகளில் ஒரு படம் மட்டுமே.

அந்தப் பெட்டிக்கும் பாதுகாப்பு இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மனிதர்களோடு அவர்களின் பெட்டிகளும் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் பதுளை மாவட்டத்தின் பல இடங்களில் மீண்டும் மண் சரிந்தது.

இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு இந்த இழப்பை விளக்கத் தேவையில்லை. ஓடி ஓடி இடம்பெயர்ந்தபோது கையில் எதை எடுத்தோம், எதை விட்டோம் என்பது நமக்குத் தெரியும். 1977க்கும் 1983க்கும் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறி, அங்கேயும் போரில் எல்லாவற்றையும் இழந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியில் தெருவோரம் அமர்ந்த தாய்மாரின் கையில் இருந்ததும் பிள்ளையின் படம்தான்.

இன்று தோட்டங்களிலும் தகரப் பெட்டியின் வேலையைக் கைத்தொலைபேசி செய்கிறது. ஆனால் அதற்குள் காலை வணக்கப் பூக்கள், சாமி படங்கள், பகிடி வீடியோக்கள், ஒரே காட்சியின் பத்துப் பிரதிகள் என்று குப்பையும் சேர்கிறது. ஒரு நாள் "இடம் இல்லை" என்று போன் சொல்கிறது. ஒரு வீட்டில் மகன் கேம் விளையாட இடம் வேண்டுமென்று எல்லாப் படங்களையும் ஒரேயடியாக அழித்துவிட்டானாம். அதோடு இறந்துபோன பாட்டியின் ஒரே படமும் போய்விட்டது. குப்பையை நாமே நேரத்தோடு அகற்றினால் இப்படி நேராது.

முதலில் வட்ஸ்அப்பில் தொடங்குங்கள். செட்டிங்ஸில் 'மனேஜ் ஸ்டோரேஜ்' என்ற இடத்தில் பெரிய வீடியோக்களும், பலர் கைமாறி வந்தவையும் தனியாகத் தெரியும். அவற்றைப் பார்த்து அழிக்கலாம். படங்கள் தாமாக இறங்குவதையும் நிறுத்திவிட்டால் டேட்டாவும் மிஞ்சும்.

அடுத்து, அழிக்கக்கூடாதவற்றைப் பிரியுங்கள். இறந்தவர், காணாமல் போனவர், பிள்ளைகள், காணி உறுதி, சான்றிதழ் என்று தனித்தனி அல்பம் போடுங்கள். படத்தில் இருப்பவரின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை ஒரு கொப்பியிலும் எழுதி வையுங்கள். முகம் மட்டும் இருந்து பெயர் தெரியாவிட்டால் பேரப்பிள்ளைக்கு அது யாரோ ஒருவர்.

பழைய காகிதப் படங்களைப் பகல் வெளிச்சத்தில், கதவோரம் வைத்து, பிளாஷ் இல்லாமல் எடுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தெளிவு குறையும். 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பினால் குறையாது.

கூகுள் போட்டோஸில் சேமிப்பவர்கள் சில விடயங்களைக் கவனிக்க வேண்டும். 2021 ஜூன் முதல் அதில் ஏறும் படங்கள் 15 ஜிபி இலவச இடத்துக்குள் கணக்கிடப்படுகின்றன. அங்கே ஒரு படத்தை அழித்தால் போனிலும் போய்விடும். போனில் மட்டும் இடம் வேண்டுமானால் 'ப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதைப் பயன்படுத்துங்கள். தவறி அழித்துவிட்டாலும் பதற வேண்டாம். சேமிக்கப்பட்ட படம் குப்பைத் தொட்டியில் 60 நாட்கள் இருக்கும். இரண்டு ஆண்டுகள் தொடாத கணக்கைக் கூகுள் நிறுவனம் அழித்துவிடலாம். ஆகவே கடவுச்சொல்லை எழிதில் மறக்காதபடி வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்காவது தெரியப்படுத்துங்கள்.

எதுவானாலும் ஒரே இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். போனில் ஒன்று, மெமரி காட்டில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் ஒன்று. மிக முக்கியமான நாலைந்து படங்களை ஸ்டூடியோவில் காகிதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அவற்றைப் பொலித்தீன் உறையில் போட்டு, அவசரத்துக்கு எடுக்கும் பையில் வையுங்கள்.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஞாயிறு பின்னேரத்தில் அரை மணித்தியாலம் போதும். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஒவ்வொரு படமாகத் தள்ளும்போது "இது யாரம்மா?" என்று பிள்ளை கேட்கும். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போங்கள்.