மகரிஷியும் அரிவாள்மணையும்

எங்கள் பாளையம்பட்டிக்கு வெகுதொலைவில் இல்லாத திருச்சுழியில், 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த ரமண மகரிஷியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவருடைய மௌனத்தையே பிரஸ்தாபிக்கின்றனர். எனக்கோ, திருவண்ணாமலை ஆசிரமத்துச் சமையற்கட்டில், பொழுது புலருமுன் எழுந்து, மற்றவர்களோடு சமமாக அமர்ந்து காய்கறி அரிந்தும், சட்னி அரைத்தும், இலை தைத்தும் பல்லாண்டுகள் உழைத்த அந்த மனிதரே அதிக வசீகரமாகத் தோன்றுகிறார். குருவே அரிவாள்மணையருகே அமர்ந்திருக்கையில், எந்தச் சீடனுக்குத்தான் போர்த்திக்கொண்டு உறங்க மனம் வரும்? பந்தியிலும் தமக்கென விசேஷமாக எதையும் பரிமாற அவர் சம்மதித்ததில்லை. சகலருக்கும் என்ன உண்டோ அதுவே தமக்கும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். அவர் பிறந்த இதே சீமையின் விசேஷ வீடுகளில், பிரமுகர்களுக்கெனத் தனிப்பந்தி விரிக்கும் வழக்கம் இன்றளவும் ஒழிந்தபாடில்லை என்பது வேறு விஷயம்.