ழ-வுக்கு என்ன ஸ்பெல்லிங்?

வங்கியில் 31 ஆண்டுகள் இருந்தேன். அதில் 9 ஆண்டுகள் லாக்கர் பொறுப்பு. சாவியைத் தொலைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு வந்து நிற்பவர்களை நான் உட்காரக்கூடச் சொன்னதில்லை. "கடைசியா எங்க வச்சீங்க? நாமினி போட்டாச்சா? கூட யார் பேராவது சேர்த்திருக்கா?" என்று போலீஸ்காரன் மாதிரி கேட்பேன். பிறகு லாக்கர் கம்பெனி ஆளை வரவழைத்து, அவர்கள் கண்முன்னாலேயே பூட்டைத் துளைத்துத் திறந்து கொடுப்போம். செலவு அவர்கள் தலையில். உள்ளே நகை வைத்தது வைத்தபடி இருக்கும். அழுதுகொண்டே எண்ணுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும், இவ்வளவு அஜாக்கிரதையா என்று.

இப்போது என் பெயரில் 0.38 பிட்காயின் பூட்டிக் கிடக்கிறது. துளைத்துத் திறக்க உலகத்தில் ஆள் கிடையாது. பூட்டியது நான். நாமினி போடாதது நான். யாரிடமும் சொல்லாததும் நான்தான். சொல்லாத காரணத்திலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும்.

2011-இல் ஈமு கோழியில் ஒன்றரை லட்சம் போட்டேன். வங்கி அதிகாரி, வட்டிக் கணக்கைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்பவன், ஒரு பறவையை நம்பிப் போட்டேன். மறு ஆண்டே அந்தத் தொழில் கொங்குப் பக்கம் முழுக்கச் சரிந்ததும், கோழிகள் தீனியில்லாமல் நின்றதும் எல்லாரும் பார்த்தது. அன்றிலிருந்து வீட்டில் ஒரு விதி: ஒரு ரூபாய் எங்கே போனாலும் என் மனைவிக்குத் தெரிந்துதான் போக வேண்டும். நியாயமான விதி. எட்டு, ஒன்பது ஆண்டுகள் அதன்படி நடந்தேன்.

பணிக்கொடைப் பணம் வந்த பிறகு, 2021 தொடக்கத்தில், 10 லட்சத்துக்கு பிட்காயின் வாங்கினேன். அவளிடம் ஒரு லட்சம் என்றேன்.

முதலில் எல்லாம் வாங்கிய எக்ஸ்சேஞ்சிலேயே கிடந்தது. 2022 நவம்பரில் பஹாமாஸில் இருந்த எஃப்.டி.எக்ஸ். எக்ஸ்சேஞ்ச் ஒரே வாரத்தில் திவாலானதும் வயிற்றைக் கலக்கியது. அதற்கு முன்பே 2014-இல் டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் கவிழ்ந்த கதையும் படித்திருந்தேன். சாவி உன் கையில் இல்லாவிட்டால் காசும் உன்னுடையது இல்லை என்பது இந்த வட்டாரத்தில் எல்லாரும் சொல்லும் வாசகம். லாக்கர்காரனுக்கு அது வேதவாக்காகவே கேட்டது. ஹார்டுவேர் வாலட் ஒன்று வரவழைத்தேன்.

பார்க்க பென்டிரைவ் மாதிரி இருக்கும், ஒரு சின்னத் திரை, இரண்டு பொத்தான். உள்ளே காசு எதுவும் இல்லை. காசு பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில் இருக்கிறது. கையெழுத்துப் போடும் சாவி மட்டும் கருவிக்குள். அந்தச் சாவி தொலைந்தால் மீட்க, முதல்முறை இயக்கும்போது கருவியே 24 ஆங்கிலச் சொற்களைக் காட்டும். 2048 சொற்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவை. எந்தச் சொல்லையும் முதல் நான்கு எழுத்தை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம், அப்படித் தேர்ந்திருக்கிறார்கள். காகிதத்தில் கையால் எழுத வேண்டும், போட்டோ எடுக்கக் கூடாது, போனில் தட்டக் கூடாது. பெட்டிக்குள் யாரோ ஏற்கெனவே சொற்களை அச்சடித்து வைத்திருந்தால் அது திருட்டுக் கருவி, தூக்கிப் போட வேண்டும். இதையெல்லாம் காலை நடைப்பயிற்சியில் மூன்று நண்பர்களுக்கு வகுப்பெடுத்து, அவர்களுக்கும் நானே செய்து கொடுத்தேன். "முதல்ல கொஞ்சூண்டு அனுப்புங்க. கருவியை அழிங்க. 24 சொல்லைப் போட்டு மீட்டுப் பாருங்க. அந்தக் கொஞ்சூண்டு திரும்ப வந்தாத்தான் மிச்சத்தை அனுப்பணும்" என்பேன். அவர்கள் மூவர் காசும் இன்று பத்திரமாக இருக்கிறது.

என் கருவியிலும் அந்தச் சோதனையைச் செய்தேன். 0.04 அனுப்பி, அழித்து, மீட்டேன். வந்தது. அவளுக்குத் தெரிந்த ஒரு லட்சம் அது.

அடுத்து வருவதுதான் நான் யாருக்கும் எடுக்காத வகுப்பு. 24 சொற்களுக்கு மேல், விருப்பப்பட்டால், நாமே ஒரு ரகசியச் சொல்லைச் சேர்க்கலாம். பாஸ்ஃப்ரேஸ் என்பார்கள், 25-வது சொல் என்றும் சொல்வதுண்டு. அதைச் சேர்த்தால் அதே கருவியில் இன்னொரு வாலட் திறக்கும். சேர்க்காமல் திறந்தால் பழைய வாலட் மட்டும் தெரியும். கழுத்தில் கத்தி வைத்துக் கேட்கும் திருடனிடம் சின்னத் தொகையைக் காட்டித் தப்பிக்கவே இந்த ஏற்பாடு. என் வீட்டுக்குக் கத்தியோடு யாரும் வந்ததில்லை. காபியோடு ஒருத்தி வருவாள், அவளிடமிருந்து மறைக்கத்தான் எனக்கு 25-வது சொல் தேவைப்பட்டது.

அவள் உறவுக்காரக் கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போயிருந்த இரண்டு நாளில் வேலையை முடித்தேன். மறுநாள் காலை ரயிலில் வந்துவிடுவாள். இரவு பதினொன்றாகிவிட்டது. இரண்டாவது வாலட்டை அழித்து மீட்டுப் பார்க்கும் சோதனைக்குப் பொறுமை இல்லை. 0.38-ஐயும் ஒரே தள்ளாகத் தள்ளினேன். 24 சொற்கள் எழுதிய காகிதம் வங்கி லாக்கருக்குப் போனது. அந்த லாக்கர் இருவர் பெயரிலும் இருப்பதால் 25-வது சொல்லை எழுதவே இல்லை. எப்படி மறப்பேன், தாத்தா ஊர்ப் பெயர்தானே!

அந்தக் கருவியில் ஒரு வசதி உண்டு. ரகசியச் சொல்லை இரண்டாவது பின் எண்ணோடு இணைத்துவிடலாம். பிறகு அந்த எண்ணைப் போட்டாலே போதும், சொல்லைத் தட்ட வேண்டியதில்லை. ஆகவே இரண்டு ஆண்டுகள் அந்தச் சொல்லை நான் ஒருமுறைகூட எழுதவில்லை, தட்டவில்லை.

2024 டிசம்பரில் பிட்காயின் முதன்முதலாக ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தேன், 32 லட்சம். பார்த்துவிடும் ஆசையில் கருவியைச் செருகினேன். இரண்டு பின் எண்களும் தலைக்குள் கலந்துவிட்டன. ஒன்று போட்டேன், தவறு. மற்றது என்று நினைத்ததைப் போட்டேன், தவறு. மூன்றாவதாகப் போட்டது ஏ.டி.எம். எண் என்று பிறகுதான் உறைத்தது. மூன்று தவறுக்குக் கருவி தன்னைத்தானே துடைத்துக்கொள்ளும். துடைத்துக்கொண்டது. அப்போதும் நான் பதறவில்லை. லாக்கருக்குப் போய்க் காகிதத்தை எடுத்துவந்து, விசிலடித்துக்கொண்டே 24 சொற்களைப் போட்டேன். 0.04 வந்தது. 25-வது சொல்லைப் போட்டேன். வாலட் திறந்தது. இருப்பு: பூஜ்யம்.

தாத்தா ஊர்ப் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஆழ்வார்திருநகரி மாதிரி ஒரு பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுத ஒரே வழிதான். ஆங்கிலத்தில்? ஆ-வுக்கு ஒரு ஏ-யா, இரண்டா? ழ-வுக்கு இசட்-எச்சா, வெறும் இசட்டா, எல்-ஆ? வ-வுக்கு வி-யா, டபிள்யூவா? அடுத்து வரும் நெடிலுக்கு மறுபடி ஒன்றா, இரண்டா? தி-க்கு டி மட்டுமா, கூட எச்சும் உண்டா? க-வுக்கு கே-யா, ஜி-யா? 96 வகை. முதலெழுத்து பெரியதா சிறியதா என்றால் 192. நடுவில் இடைவெளி விட்டேனா என்றால் 384. எங்கள் குடும்பத்துப் பத்திரங்களிலேயே அந்த ஊர் மூன்று விதமாக இருக்கிறது. 31 ஆண்டுகள் வாடிக்கையாளர் பெயரில் ஓரெழுத்து மாறினால் செக்கைத் திருப்பி அனுப்பியவன் நான்.

மார்கழி முதல் தேதி தொடங்கி, தை முடிவதற்குள் 384-ஐயும் போட்டுப் பார்த்துவிட்டேன். இரண்டே பொத்தான்களால் எழுத்தெழுத்தாகத் தேடித் தட்ட வேண்டும். தினமும் எட்டு, பத்து. குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு. சுகருக்குப் பார்க்கணும் என்று அவள் மகனிடம் போனில் சொன்னது காதில் விழுந்தது.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், கருவி ஒருபோதும் தவறு என்று சொல்லாது. அந்த 24 சொற்களையும் நம் சொல்லையும் சேர்த்து 2048 சுற்று அரைத்து அந்த மாவிலிருந்து சாவி எடுக்கிறது. ஓரெழுத்து மாறினால் வேறு மாவு, வேறு சாவி, வேறு வாலட். எல்லாமே செல்லுபடியாகும் வாலட்தான். 384 வீட்டுக்குச் சொந்தக்காரன் நான், எந்த வீட்டிலும் குடித்தனம் இல்லை. சான்பிரான்சிஸ்கோவில் ஸ்டெஃபன் தாமஸ் என்ற நிரலாளர் 7,002 பிட்காயினின் சாவியைப் பூட்டிவிட்டுக் கடவுச்சொல்லை மறந்த செய்தி 2021-இல் வந்தது. அவருக்குப் பத்தே வாய்ப்பு, எட்டு போய்விட்டது. அதை நடைப்பயிற்சியில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது அவர்மேல் பொறாமையாக இருக்கிறது. அவருடைய பூட்டு எதற்காவது இல்லை என்று சொல்கிறதே!

காசு எங்கேயும் போகவில்லை என்பது இன்னொரு வேதனை. எக்ஸ்சேஞ்சிலிருந்து அனுப்பிய ரசீதில் முகவரி இருக்கிறது. அதை யாரும் பார்க்கலாம், நானும் பார்க்கலாம். 0.38, கண்ணாடிப் பெட்டிக்குள் அல்வா மாதிரி. வருமான வரியில் இதை இழப்பாகக் காட்டவும் வழியில்லை. விற்று நஷ்டப்பட்டாலே வேறு வருமானத்தில் கழிக்கக் கூடாது என்பது 2022-லிருந்து சட்டம். எனக்கோ விற்கவே கை எட்டவில்லை.

கணினி வேலையில் இருக்கும் அக்கா மகனிடம் கடைசியில், யாரோ ஒரு நண்பருக்கு என்று சொல்லி விசாரித்தேன். இணையத்தில் சேராத கணினியில் அந்த 24 சொற்களைக் கொடுத்தால், லட்சக்கணக்கான எழுத்துக்கூட்டல்களைத் தானே போட்டுப் பார்க்கும் இலவச நிரல் இருக்கிறதாம். "ஆனா மாமா, உங்க ஃப்ரெண்டு என்னென்ன யோசிச்சிருப்பார்னு எழுதித் தரணும். வீட்ல இருக்கறவங்களைக் கேட்டா நிறையக் கிடைக்கும்" என்றான். 'ஃப்ரெண்டு' என்பதை அவன் கொஞ்சம் அழுத்தினான்.

அன்று ராத்திரி சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"ஈமு எவ்வளவு?"

"ஒன்றரை."

"இது?"

"போட்டது ஒன்பது. இப்ப முப்பதுக்கு மேல."

தட்டில் கீரை ஒரு குவியலாகச் சேரும்வரை பேசவில்லை. பிறகு, "யார்கிட்டேருந்து மறைக்க அந்த இருபத்தஞ்சாவது வார்த்தை?" என்று கேட்டாள். திருடன் கதையைச் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "உன்கிட்டேருந்துதான்" என்றேன். எழுந்து உள்ளே போனாள். நான்கு நாள் பேச்சு இல்லை. காபி மட்டும் மேஜைக்கு வந்தது.

ஐந்தாம் நாள் எங்கள் கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்துவந்து முன்னால் போட்டாள். ஆங்கிலப் பக்கத்தில் தாத்தா ஊர் நான் யோசிக்கவே யோசிக்காத எழுத்துக்கூட்டலில் இருந்தது, அச்சுக்கோத்தவர் புண்ணியத்தில் நடுவில் ஒரு ஒய். போட்டுப் பார்த்தேன். 385-வது வீடும் காலி.

"அதுலேருந்து ஒய்யை வச்சு மத்ததையெல்லாம் மாத்திப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசையாக எழுதத் தொடங்கினாள். நேற்று வரை 61 எழுதியிருக்கிறாள். அதில் ஒய் இல்லாத இரண்டு ஏற்கெனவே நான் போட்டுப் பார்த்தவை. அவளிடம் சொல்லிவிட்டேன்.