கோபுரப் பூங்காவும் போடி ரயிலும்

போடிமெட்டு வளைவுகளில் நின்று கீழே விரிந்து கிடக்கும் சமவெளியைப் பார்த்தே பால்யத்தைக் கழித்த எனக்கு, உயரம் என்பது ஏலத்தோட்டத்து மரநிழலின் குளிர்ச்சியோடு சேர்ந்து மனத்தில் பதிந்த விஷயம். ஆகையால், சென்ற மாதம் சென்னைக்குப் போனபோது, அண்ணா நகர் பூங்காவின் 135 அடிக் கோபுரத்தைச் சற்று அலட்சியமாகவே அண்ணாந்து பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நடுவக்கரை, முல்லம் என்னும் கிராமங்கள் இருந்த அப்பிரதேசத்தில், 1968-ஆம் ஆண்டு உலக வர்த்தகக் கண்காட்சிக்காக எழுந்த கோபுரம் அது. கண்காட்சி முடிந்து ஜனங்கள் கலைந்தபின், வீட்டுவசதி வாரியம் வீதிகளும் மனைகளும் குடியிருப்புகளுமாக வகுத்த நிலத்தில், அண்ணாவின் நாமம் பூண்டு ஒரு நகரமே உருவாயிற்று; கோபுரமும் அதைச் சூழ்ந்த பூங்காவும் அதன் நடுவே நிலைத்தன. 2011-இல் பாதுகாப்பைக் கருதிக் கோபுரத்தில் ஏறுவதைத் தடுத்துவிட்டார்கள். (ஏறக்குறைய அதே சமயத்தில்தான், அகலப் பாதைப் பணிக்காக, எங்கள் ஊர் மீட்டர்கேஜ் ரயிலும் நின்றது!) புனருத்தாரணம் முடிந்து 2023 மார்ச்சில் கோபுரம் திறந்தது, ஜூனில் போடிக்கு ரயில் வந்தது.

உச்சியில், கம்பி வலைக்குப் பின்னால் நின்று, பழக்கதோஷத்தால் மேற்கே மலையைத் தேடினேன். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளும், அவற்றினிடையே பச்சை மர உச்சிகளுமே தெரிந்தன.