எழுபது வளைவு இறங்கி வந்தோம்

கொல்லிமலைக்குப் போய் வந்தேன் என்றதும், "குடும்பத்தோடு டூரா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். டூர் இல்லை. என் மூத்த மகளைக் கூட்டிக்கொண்டு வரப் போனேன். ராசிபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எட். இரண்டாம் வருஷம் படிக்கிறாள். படிப்பில் ஒரு பகுதியாகப் பள்ளிக்கூடத்தில் பதினாறு வாரம் பாடம் நடத்திப் பயிற்சி எடுக்க வேண்டும். ஊரைச் சுற்றி எத்தனையோ பள்ளிகள் இருக்க, இவளும் இன்னொரு பெண்ணும் கொல்லிமலையில் ஓர் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. என் மாமியார், "அங்கே கொல்லிப்பாவை இருக்கிறாள். சிரித்தே ஆளைக் கொன்றுவிடுவாளாம்" என்று பழைய கதையை எடுத்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா, "அந்த மலையில் மலையாளிகள்தானே இருக்கிறார்கள்? உன் பெண்ணுக்கு மலையாளம் தெரியுமா?" என்றாள். மலையில் வாழ்வதால் அவர்களுக்கு மலையாளி என்று பெயர். பேசுவது நம் தமிழ்தான். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். இதை நானும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், பெண் நான்கு மாதம் கண்ணில் படமாட்டாள் என்பது ஒன்றுதான்.

கார்த்திகை மாதம் பயிற்சி முடிந்தது. மூட்டை முடிச்சு, ரெக்கார்டு நோட்டு, சார்ட்டு என்று சாமான் நிறைய. இவருக்கு லீவு கிடைக்கவில்லை. "நீயே போய்க் கூட்டிக்கொண்டு வா" என்றார். தனியாக நான் அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை.

முசிறியிலிருந்து நாமக்கல், நாமக்கல்லிலிருந்து கொல்லிமலை பஸ். காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவள்ளியில் மலை ஏற்றம் தொடங்குகிறது. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். அந்த நம்பரைப் பார்த்துக்கொண்டே போவது பெரிய தப்பு. பத்து வந்ததும், "இன்னும் அறுபதா?" என்று வயிறு கேட்கிறது. சின்னக் குழந்தையோடு போகிற சகோதரிகளுக்கு ஒன்று சொல்கிறேன். வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள், வயிறு முட்டத் தின்றுவிட்டும் ஏறாதீர்கள். இரண்டு இட்லி போதும். பஸ்ஸில் முன்பக்கமாக உட்கார்ந்து, தூரத்தில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தால் தலைசுற்றல் குறையும். போனைக் கையில் எடுக்கவே கூடாது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போனேன், எனக்குக் கேட்டது. என் முன் சீட்டில் இருந்த கட்டுமஸ்தான ஆசாமிக்கு முப்பதாவது வளைவிலேயே முடியவில்லை. பாதிப் பழத்தை அவருக்குக் கொடுத்தேன்.

மேலே போனதும் காற்றே வேறு. ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். பகல் பன்னிரண்டு மணிக்கும் ஸ்வெட்டர் வேண்டியிருந்தது. ரோட்டோரம் உயர உயரமாக சில்வர் ஓக் மரங்கள், ஒவ்வொன்றையும் கட்டிக்கொண்டு மிளகுக் கொடி. கீழே காப்பிச் செடி, நடுநடுவே வாழை. பலாப்பழத்துக்குப் பேர்போன ஊர். ஆனால் நான் போனது சீசன் இல்லாத காலம். செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவர், இந்த மலையை ஆண்டவர். பள்ளியில் மனப்பாடம் செய்த பெயரை, பஸ் நிற்கிற இடத்தில் சிலையாகப் பார்த்தபோது தெரிந்தவரைப் பார்த்த மாதிரி இருந்தது.

என் மகள் ஓடி வந்தாள். கறுத்து, இளைத்து, ஆனால் முகம் நன்றாக இருந்தது. அவளும் தோழியும் ஒரு பாட்டி வீட்டில் முன்னறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார்கள். அன்று மாலை அங்கேதான் எனக்கும் சாப்பாடு. சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும். சாமையை இரண்டு மூன்று தண்ணீரில் அரித்துக் கல் நீக்கி, கால்மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் கொதிக்கவிட்டுப் போட்டு, சிறு தீயில் மூடி வேகவைக்க வேண்டும். பாட்டி சொல்லிக் கொடுத்த கணக்கு இது. குழையாமல் பூவாய் வந்தது. சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று நாம் வாங்குகிறோம். அதற்காக அரிசிச் சோற்றைவிட இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை, அளவு அளவுதான்.

"இதை நான் குத்தின குத்துக்குக் கையெல்லாம் காச்சுப் போச்சு" என்று பாட்டி உள்ளங்கையைக் காட்டினார். சாமையின் உமியை நீக்குவது அவ்வளவு சிரமமாம். பொழுதுக்கும் உரலும் உலக்கையும். கிழங்கு போட்டால் ஜவ்வரிசி ஆலைக்குப் போகும், கையில் காசு வரும் என்று பல காடுகளில் சாமையும் தினையும் போய் மரவள்ளி வந்துவிட்டது. பிறகு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இந்த மலையில் வேலை செய்து, உமி நீக்கும் மெஷின்களைப் பெண்கள் குழுக்களுக்குக் கொடுத்தார்கள். ஐ.நா. சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். எனக்கு இனிமேல் சாமை என்றால் அந்த உள்ளங்கைதான் நினைவுக்கு வரும்.

சாப்பிட்டபின் இவள் பள்ளிக் கதைகளை ஆரம்பித்தாள். விடிய விடியக் கேட்கலாம் போலிருந்தது. இவளுக்குப் பாடம் அறிவியல். முதல் வாரம் வேர் வகைகளை நடத்த, ராத்திரி கண் விழித்து சார்ட்டில் மிளகுக் கொடி வரைந்து பற்றுவேர் காட்டியிருக்கிறாள். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், வேர் கணுவுக்குக் கணு வரும். நீங்க நடுவுல வரைஞ்சிருக்கீங்க" என்றானாம். வகுப்பே சிரித்ததாம். இவள் சார்ட்டைச் சுருட்டி வைத்துவிட்டு, பிள்ளைகளை வெளியே சில்வர் ஓக் மரத்தடிக்குக் கூட்டிப்போய், "சரி, நீயே காட்டு" என்றிருக்கிறாள். அதன்பின் பாதிப் பாடம் மரத்தடியில்தான். இவள் புத்தகத்துப் பெயரைச் சொல்ல, அவர்கள் மலைப் பெயரைச் சொல்வார்களாம். ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் அந்தப் பெயர்களை எழுதி வைத்திருந்தாள். மார்க்குக்கு இல்லை, தனக்காக.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண். வீடு மலையின் இன்னொரு கோடியில், விடுதியில் தங்கிப் படிக்கிறாள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், அதனால் வாயே திறக்கமாட்டாள். இவள் தினம் மாலையில் அரைமணி நேரம் அவளோடு உட்கார்ந்திருக்கிறாள். கார்த்திகையில் அந்தப் பெண் காலைக் கூட்டத்தில் செய்தி வாசித்துவிட்டாள்!

"நேத்து அழுதாம்மா. ஆடி மாசம் ஓரி விழாவுக்குக் கண்டிப்பா வருவேன்னு சொல்லிட்டேன்" என்றாள் என் மகள்.

எனக்குச் சுருக்கென்றது.

என் கதையைச் சொல்லவேண்டியிருக்கிறது. நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் பள்ளிக்கு ஒரு ட்ரெயினிங் டீச்சர் வந்தார். அப்போது பி.எட். ஒரே வருஷம், பயிற்சி நாற்பது நாள். என் கையெழுத்தைப் பார்த்து, "நீ டீச்சராகணும்" என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். போகும்போது என் விலாசத்தை வாங்கிக்கொண்டார், லெட்டர் போடுகிறேன் என்றார். தபால்காரர் வரும் நேரத்துக்கு நான் திண்ணையில் நின்ற நாட்களுக்குக் கணக்கில்லை. பத்தாவதோடு என் படிப்பு நின்றதற்கு அவர் காரணமில்லை, வீட்டு நிலைமை அப்படி. ஆனாலும் அந்த லெட்டர் வந்திருந்தால் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்திருப்பேனோ என்று இந்த நாற்பத்தாறு வயதிலும் தோன்றுகிறது.

இதை என் பெண்ணிடம் அதுவரை சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். "ஆடியில் உனக்கு எங்கே வேலை கிடைத்திருக்குமோ, நாங்கள் உனக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்போமோ, யார் கண்டது? முடியும் என்று தெரிந்ததை மட்டும் சொல்லிவிட்டு வா" என்றேன்.

அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. "கடைசி நாள்ல போய் வரமாட்டேன்னு சொல்லச் சொல்றியாம்மா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை இவள் பள்ளிக்குப் போனதும், பாட்டி என்னை அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப் போனார். வளப்பூர் நாட்டில் இருக்கிறது. (இங்கே ஊர்களை நாடு நாடாகத்தான் சொல்கிறார்கள்: வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு என்று.) கோயிலை ஒட்டி ஓடுவது ஐயாறு. ஆற்று மீன்களுக்கு அங்கே பொரி போடுகிறார்கள். யாரோ மீனைப் பிடித்து அறுத்துச் சமைக்க, துண்டெல்லாம் பொருந்தி மீன் மறுபடி ஆற்றில் குதித்துப் போனதாகத் தலவரலாறு. அந்த ஆறுதான் கொஞ்ச தூரத்தில் ஆகாய கங்கை அருவியாக விழுகிறது. சுமார் 300 அடி. இறங்க ஆயிரத்துக்கும் மேல் படிகள். இறங்குவது சுலபம், திரும்ப ஏறவேண்டுமே! முழங்கால் வலி உள்ளவர்கள் என்னைப்போல் மேலேயே உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வரலாம்.

எனக்கு மனசு சாமியிடமும் இல்லை, அருவியிடமும் இல்லை. தெரியாத ஒரு குழந்தையின் சந்தோஷத்தில் போய்க் கை வைத்துவிட்டோமோ என்று இருந்தது.

பிற்பகல் பள்ளியில் வழியனுப்பு. தலைமை ஆசிரியர் இரண்டு வார்த்தை பேசினார். பிள்ளைகள் காப்பிப் பழமும் காட்டுப்பூவும் சேர்த்துக் கட்டிய கொத்து ஒன்று கொடுத்தார்கள். இவள் பேச எழுந்தாள். நன்றி எல்லாம் சொல்லிவிட்டு, "ஆடிக்கு வருவேன்னு சொல்லியிருந்தேன். வரணும்னுதான் ஆசை. ஆனா எனக்கு அப்போ எங்க வேலை இருக்கும்னு தெரியாது. அதனால வருவேன்னு சத்தியம் பண்ணலை. மாசம் ஒரு கார்டு போடுவேன். அது மட்டும் நிச்சயம்" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

அந்தப் பெண் எழுந்து வெளியே போய்விட்டாள்.

தேடினோம். விடுதிக்குள் இருந்தாள், கூப்பிட்டதற்கு வரவில்லை. மறுநாள் சனிக்கிழமை காலை பஸ் ஏற்றிவிட ஏழெட்டுப் பிள்ளைகள் வார்டனம்மாவோடு வந்தார்கள், அவள் இல்லை. பாட்டி ஒரு படி சாமையும் கைப்பிடி மிளகும் முடிந்து கொடுத்தார். பஸ் கிளம்பியது. எழுபதிலிருந்து நம்பர் குறைந்துகொண்டே வந்தது. இவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். எலுமிச்சம்பழத்தை நீட்டினேன், வாங்கிக்கொள்ளவில்லை. காரவள்ளி வந்ததும் வெயில் சுள்ளென்று அடித்தது, ஸ்வெட்டரைக் கழற்றினாள். அப்போதுதான், "நீ அந்த டீச்சர் பேரை இன்னும் ஞாபகம் வச்சிருக்கியாம்மா?" என்று கேட்டாள். சொன்னேன்.

முசிறி வந்த மறுவாரம் தபாலாபீசில் இருபது கார்டு வாங்கி அவள் மேஜையில் வைத்தேன். கார்டு இன்றைக்கும் ஐம்பது காசுதான், பத்து ரூபாய்க்கு இருபது மாசத்துக் கவலை விட்டது! முதல் கார்டைப் பள்ளி விலாசத்துக்கு, அந்தப் பெண்ணின் பெயருக்கே எழுதினாள். பதில் இல்லை. தை பிறந்தது. இரண்டாவது கார்டு போட்டாள். தபால்காரர் வரும் நேரத்துக்கு நான் வாசலில் வேலை வைத்துக்கொண்டேன், முப்பது வருஷத்துக்குப் பிறகு!

தை கடைசியில் வந்தது. பென்சிலில் கோடு போட்டு, அதன்மேல் பேனாவில் எழுதிய நாலு வரி. மிளகு பழுத்து விட்டது என்றும், அரையாண்டில் அறிவியலில் 61 என்றும், தன் மேல் கோபமா என்றும் கேட்டு எழுதியிருந்தாள். ஒரு பிழைகூட இல்லை. என் மகள் அதை ரெக்கார்டு நோட்டில், மலைப் பெயர்கள் எழுதிய பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

நேற்று காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தவள், ஆடி 18-ஐச் சுற்றி வட்டம் போட்டாள். நான் பார்த்தும் பாராததுபோல் அடுப்பங்கரைக்குள் போய்விட்டேன். அதற்குள் ஒரு தபால் விலாசம் விசாரிக்கவேண்டும் எனக்கும். அந்த டீச்சர் இப்போது ரிடயராகியிருப்பார்.