கூரையில் ஒரு சதுரம்

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் மோமா பி.எஸ்.1 என்றொரு கலைக்கூடம். ஒரு காலத்தில் பள்ளிக்கூடமாக இருந்த கட்டடம். அதன் அறையொன்றின் கூரையைச் சதுரமாக வெட்டித் திறந்துவிட்டிருக்கிறார் கலைஞர் ஜேம்ஸ் டரெல். கண்ணாடி இல்லை, வலை இல்லை. 1980இல் தொடங்கி 1986இல் முடித்த வேலை. பெயர் 'மீட்டிங்'. டரெல், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளை. அந்த மரபின் வழிபாட்டுக் கூட்டங்களில் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

இங்கேயும் அப்படித்தான். சாயங்காலம். சுவரை ஒட்டி மர இருக்கைகள். விளக்கு எங்கிருந்து எரிகிறது என்று தெரியவில்லை. கோட்டைக் கழற்றாத கிழவர் ஒருவர் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாய் பிளந்து கிடக்கிறார். தூங்கிவிட்டாரோ என்று பார்த்தால், கண் திறந்தேதான் இருக்கிறது. இரண்டு இளைஞர்கள் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்தார்கள், திரையைப் பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பைக்குள் போட்டுவிட்டார்கள்.

எதிர் இருக்கையில் அப்பாவும் மகளும். சிறுமிக்கு ஆறேழு வயது இருக்கும்.

"கண்ணாடி போட்டிருக்காங்களாப்பா?"

"இல்லம்மா, திறந்துதான் இருக்கு."

அவள் நம்பவில்லை. அவள்மேல் தப்பில்லை. திறப்பின் விளிம்பைக் கத்திமுனை போலச் சீவியிருப்பதால் கூரையின் கனம் கண்ணில் படுவதே இல்லை. கனம் தெரியாத இடத்தில் தூரமும் தெரியாது. வானம் கூரை மட்டத்துக்கு இறங்கி வந்து நின்றுவிடுகிறது. 2019இல் பக்கத்தில் எழுந்த அடுக்குமாடியின் சாரம் இந்தச் சதுரத்துக்குள் தலைநீட்டியது. அறையையே சில காலம் மூடிவைத்தார்கள். ஒரு கம்பி தெரிந்தால் போதும், வானம் மறுபடி எட்டாத உயரத்துக்குப் போய்விடும்.

சுவரில் நிறம் ஏறுகிறது. 2016இல் புதுப்பித்தபோது, அந்திப் பொழுதுக்கென்றே நிறம் மாறும் விளக்குகளைப் பொருத்தினார்கள். சுவர் சிவக்கச் சிவக்க மேலே நீலத்தில் பச்சை கசிகிறது. சுவர் வெளுத்தால் அதே வானம் கறுக்கிறது. மேலே எதுவும் மாறவில்லை. எல்லாம் பார்க்கிறவர் கண்ணில் நடக்கிறது. டரெல் கல்லூரியில் படித்தது புலனறிவு உளவியல் என்பது இங்கே உட்கார்ந்தால் விளங்கும். வண்ண விளக்குகளைச் சரமாகத் தொங்கவிட்டு 'ஒளிக்கலை' என்று சீட்டுக் கிழிக்கும் காட்சிகள் இப்போது ஊருக்கு ஊர் உண்டு. அங்கெல்லாம் பார்ப்பது பல்பைத்தான். இந்தக் கிழவரோ தன் கண் செய்யும் வேலையை ஒரு மணி நேரமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சதுரத்துக்குள் சாம்பல் நிறம் பரவுகிறது. இதுவும் விளக்கின் வேலையாக்கும் என்று எல்லோரும் அண்ணாந்திருக்க, சிறுமி மூக்கைத் துடைக்கிறாள். விரலைப் பார்க்கிறாள். ஈரம்.

"ஓட்டைதான்பா!"

அறையில் முதல் சிரிப்பு. வாசலில் நின்ற காவலர் உள்ளே வந்து, மழை வந்தால் அறையை மூடிவிடுவது வழக்கம் என்கிறார். ஒவ்வொருவராக எழுந்து போகிறார்கள். கிழவர் கழுத்தைப் பிடித்துவிட்டபடி கடைசியாக எழுகிறார்.

"இன்னும் எத்தனை நிறம் பாக்கி?"

"மழை இல்லேன்னா நாளைக்கு வாங்க சார்."