முதல் வரி யாருக்கு?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலை இருந்தாலும் கம்பி ரோலிங் மில் இருந்தாலும் வாசலையொட்டி ஒரு எடை மேடை இருக்கும். ஜி.என்.டி. ரோட்டிலிருந்து திரும்பி உள்ளே வரும் ஸ்கிராப் லாரி முதலில் ஏறுவது அதன்மேல்தான். கேபினுக்குள் இண்டிகேட்டரில் சிவப்பு எண்கள் ஓடி நிற்கும், ஆபரேட்டர் பொத்தானை அழுத்துவார், கிராஸ், டேர், நெட் அச்சான சீட்டு வெளியே வரும். இண்டிகேட்டரிலிருந்து ஒரு சீரியல் கேபிள் மேசைக்கு அடியில் இறங்கும். அங்கே இரும்புத் தூசி படிந்த ஒரு சின்ன கம்ப்யூட்டர், அதில் லினக்ஸ், அதற்குள் நாலைந்து ஸ்கிரிப்ட். அவற்றை எழுதிப் பராமரிப்பது என் பிழைப்பு.

ஸ்கிரிப்ட் என்பது வெறும் எழுத்துக் கோப்பு. பிராசஸருக்கு அதில் ஒரு எழுத்தும் புரியாது. இருந்தும் அதன் பெயரைச் சொன்னால் புரோகிராம் போலவே ஓடுகிறது. ஓட வைப்பது முதல் வரியின் தொடக்கத்தில் நிற்கும் #! என்ற இரண்டே குறிகள். ஷபாங் என்பது அதன் செல்லப்பெயர்.

ஒரு கோப்பை இயக்கு என்று கேட்டால், லினக்ஸின் மையமான கர்னல் முதலில் அதற்கு இயக்க அனுமதி இருக்கிறதா என்று பார்க்கும். பிறகு கோப்பின் தலைப்பகுதியை மட்டும் படிக்கும். இன்றைய லினக்ஸில் 256 பைட், 2019 வரை 128. முதல் பைட் 127 ஆக இருந்து, அடுத்து இ, எல், எஃப் வந்தால் அது நேரடி இயந்திரக் கோப்பு. 35, 33 என்று வந்தால், அதாவது # குறியும் ! குறியும் என்றால், ஸ்கிரிப்ட். இரண்டும் இல்லை, தெரிந்த வேறு வடிவமும் இல்லை என்றால், இது என்னால் ஆகாது என்று திருப்பிவிடும். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்கு ஸ்கிராப்பும் தெரியாது, பில்லெட்டும் தெரியாது. சலானின் மேல் வரியைப் பார்த்து எந்த யார்டு என்று கை காட்டுவார். கர்னலின் வேலை அவ்வளவுதான்.

கை காட்டும் விதம்தான் அழகு. எடைமேடை என்ற கோப்பின் முதல் வரி #!/பின்/எஸ்எச் என்று இருக்கட்டும். காலை என்ற சொல்லையும் சேர்த்து அதை இயக்கச் சொன்னால், கர்னல் அந்தக் கட்டளையை /பின்/எஸ்எச் எடைமேடை காலை என்று மாற்றிவிடுகிறது. ஓடுவது ஷெல், அதாவது கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் புரோகிராம். ஸ்கிரிப்ட்டின் பெயர் அதற்குத் தரப்படும் முதல் தகவல், அவ்வளவே. ஷெல் அந்தக் கோப்பைத் திறந்து முதல் எழுத்திலிருந்து படிக்கத் தொடங்கும். #! வரி அதன் கண்ணிலும் படும். ஷெல்லுக்கோ # என்று தொடங்கினால் அது குறிப்பு வரி, தாண்டிப் போய்விடும். ஒரே வரி, கர்னலுக்குக் கட்டளை, ஷெல்லுக்கு ஒன்றுமில்லை. பைத்தானிலும் பெர்லிலும் இதே கதை. # குறிப்பு வரியாக இல்லாத மொழிகள்தான் இதற்காக இலக்கணத்தில் ஒரு சலுகை செய்ய வேண்டியிருந்தது. லுவா முதல் வரி # என்று தொடங்கினால் விட்டுவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டின் தரநிலையில் 2023 பதிப்பில்தான் இந்த வரிக்கு இடம் கிடைத்தது.

இந்த #! வழியைக் கர்னலில் சேர்த்தவர் டென்னிஸ் ரிச்சி. 1980 ஜனவரியில், பெல் லேப்ஸில், லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் ஏழாம் பதிப்புக்கும் எட்டாம் பதிப்புக்கும் இடையில். அதற்கு முன் ஸ்கிரிப்ட்டை ஓட வைப்பது ஷெல்லின் தனிப்பட்ட சாமர்த்தியம். கர்னல் கைவிரித்தால், சரி, இது நம் மொழியாகத்தான் இருக்கும் என்று ஊகித்துத் தானே படித்துக்கொள்ளும். இரண்டு வகை ஷெல் புழக்கத்துக்கு வந்ததும் ஊகம் சிக்கலானது. ரிச்சி ஊகத்தை எடுத்துவிட்டு, எழுதியவனையே சொல்லச் சொன்னார். ஓடும் வேலைகளின் பட்டியலில் வெறும் ஷெல் என்று தெரியாமல் ஸ்கிரிப்ட்டின் சொந்தப் பெயரே தெரியும் என்பதும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. என் தினசரி வேலையில் எனக்கு அதிகம் உதவுவது அதுதான். எது ஓடுகிறது, எது தொங்கி நிற்கிறது என்று பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்தப் பெயருக்குக் கர்னல் ஒதுக்கும் இடம் 15 பைட் மட்டும். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கூறுக்கும் 3 பைட் வேண்டும், கொம்பு, துணைக்கால் எல்லாம் தனித்தனிக் கணக்கு. அதனால் எடைமேடை என்ற கோப்பு அந்தப் பட்டியலில் எடைமே என்று வந்து நிற்கும்.

போன் வருவது பெரும்பாலும் இரவு ஷிப்டில். “சார், ஃபைல் அங்கதான் சார் இருக்கு. எல்எஸ் போட்டா பேர் காட்டுது. ஓட விட்டா இல்லேங்குது.”

ஆபரேட்டர் சொல்வதும் சரி, கம்ப்யூட்டர் சொல்வதும் சரி. இல்லை என்று சொன்னது ஸ்கிரிப்ட்டை அல்ல, முதல் வரி சொல்லும் இன்டர்பிரட்டரை, அதாவது ஸ்கிரிப்ட்டைப் படித்து ஓட்டும் புரோகிராமை. பழைய பேஷ் ஷெல்லாக இருந்தால் இன்டர்பிரட்டர் சரியில்லை என்று சேர்த்துச் சொல்லும். டெபியன் வகை லினக்ஸில் /பின்/எஸ்எச் என்ற பெயரில் இருப்பது டேஷ். அது காணவில்லை என்று ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொள்ளும், அதுவும் ஸ்கிரிப்ட்டின் பெயரைப் போட்டு.

நடந்திருப்பது இது. பகலில் ஒருவர், ஸ்கிரிப்ட்டுக்குள் இருந்த காலி வண்டிகளின் டேர் எடைப் பட்டியலைத் திருத்த அந்தக் கோப்பை பென்டிரைவில் ஆபீஸுக்குக் கொண்டுபோய், விண்டோஸில் திறந்து, சேமித்துக் கொண்டுவந்து போட்டிருப்பார். யூனிக்ஸில் வரி முடிவு ஒரே பைட், 10. விண்டோஸில் இரண்டு, 13ம் 10ம். 13 என்பது டெலிபிரிண்டர் காலத்து வண்டியை இடது ஓரத்துக்குத் தள்ளும் கட்டளை, திரையில் தெரியாது. கர்னல் வரிக் கடைசியில் கிடக்கும் இடைவெளியையும் டேப்பையும் வழித்தெடுத்துவிடும். 13ஐத் தொடாது. ஆக அது தேடுவது எஸ்எச் என்ற கோப்பை அல்ல, எஸ்எச் என்பதோடு ஒரு 13 ஒட்டிக்கொண்ட கோப்பை. அப்படி ஒன்று உலகத்தில் எந்த மெஷினிலும் இல்லை. ஓடி என்ற கட்டளையில் முதல் வரியை ஊற்றி ஒவ்வொரு பைட்டாகப் பார்த்தால் கடைசி 10க்கு முன்னால் அந்த 13 உட்கார்ந்திருக்கும். செட் கட்டளை ஒன்றால் அதை நீக்கினால் வேலை முடிந்தது. கீழே வரிசையில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும் லாரிகள் நகரும்.

இதைவிட வம்பு பிடித்தது தமிழால் வருவது. ஆபரேட்டருக்குத் திரையில் வரும் செய்தி தமிழில் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். வண்டியை மேடைக்கு நடுவில் நிறுத்தவும் என்று தமிழில் வந்தால் யாரும் என்னைக் கேட்பதில்லை. தமிழ் இருக்கும் கோப்பை விண்டோஸ் நோட்பேடில் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 தேர்ந்தெடுக்க வேண்டும். 2019க்கு முந்தைய நோட்பேட், அப்படித் தேர்ந்தெடுத்தால் கோப்பின் தலையில் 239, 187, 191 என்று மூன்று பைட்டைச் சொல்லாமல் ஒட்டிவிடும். எடிட்டரில் முதல் எழுத்து # என்றுதான் தெரியும். கர்னலுக்கு முதல் பைட் 239. இது ஸ்கிரிப்ட்டே அல்ல என்று திருப்பிவிடும். உடனே ஷெல் தன் பழைய, 1980க்கு முந்தைய பழக்கத்துக்குப் போய், நாமே படித்துப் பார்ப்போம் என்று பைத்தான் கோப்பை ஷெல் மொழியாக ஓட்டத் தொடங்கும். பைத்தானில் நூலகங்களைச் சேர்க்கும் வரி இம்போர்ட் என்று தொடங்கும். இமேஜ்மேஜிக் என்ற படத் தொகுப்பை நிறுவிய மெஷின்களில் இம்போர்ட் என்ற பெயரிலேயே ஒரு கட்டளை உண்டு, அதன் வேலை திரையைப் படம் பிடிப்பது. மவுஸ் அம்பு சிலுவைக் குறியாக மாறி, எங்காவது கிளிக் செய் என்று காத்திருக்கும். எடை போடச் சொன்னால் போட்டோ எடுக்கிறதே என்று கேபினில் இருப்பவர் குழம்புவது நியாயம்தானே. புதிய நோட்பேடில் இந்த ஒட்டுவேலை இயல்பாக நடப்பதில்லை. ஆனால் சிப்காட் ஆபீஸ்களில் விண்டோஸ் 7 இன்னும் சாகவில்லை.

முதல் வரியில் எதை எழுதுவது என்பதில் ஆளுக்கு ஒரு கட்சி. இன்டர்பிரட்டரின் முழுப் பாதையை எழுதுவது ஒன்று. /யுஎஸ்ஆர்/பின்/என்வ் என்று எழுதி, பைத்தானை நீயே தேடிக்கொள் என்று விடுவது இன்னொன்று. பல மெஷினுக்குப் போகும் கோப்புக்கு இரண்டாவது நல்லது. என் கட்சி முதலாவது. என்வ் தேடுவது பாத் என்ற ஃபோல்டர் பட்டியலில். நான் உட்கார்ந்து தட்டும்போது இருக்கும் பட்டியலும், நேரம் பார்த்து வேலைகளைத் தொடங்கும் கிரான் நள்ளிரவில் ஓட்டும்போது இருக்கும் பட்டியலும் ஒன்றல்ல, கிரானுடையது மிகக் குறுகியது. பகலில் ஓடியது இரவில் ஓடாது. அதோடு, என்வ் பைத்தானைக் கண்டுபிடித்துத் தன் இடத்தில் அதை ஓட விடும்போது, ரிச்சி வாங்கிக் கொடுத்த சொந்தப் பெயர் போய்விடும். ஓடும் வேலைகளின் பட்டியலில் எல்லா ஸ்கிரிப்ட்டும் பைத்தான்3 என்றே நிற்கும், எந்த பைத்தான் எந்த மேடை என்று தேட வேண்டும்.

இன்னொரு கண்ணி. லினக்ஸ், இன்டர்பிரட்டர் பாதைக்குப் பின்னால் இருப்பது எத்தனை சொல்லானாலும் ஒரே துண்டாகத்தான் தரும். எடைப் பதிவு உடனுக்குடன் திரைக்கு வர, பைத்தான்3 -யு என்று என்வ் வரியில் எழுதினால், பைத்தான்3 -யு என்று இடைவெளியோடு ஒரு புரோகிராம் இருக்கிறதா என்று என்வ் தேடும். இதற்காகவே 2018இல் குனூ என்வில் -எஸ் என்ற வசதி வந்தது. சொல் சொல்லாகப் பிரிப்பதை அது பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பழைய 128 பைட் எல்லையும் சும்மா விடாது. பைத்தானில் தனிச் சூழல் உருவாக்கினால், அதற்குள் நிறுவப்படும் கட்டளைகளின் முதல் வரியில் அந்த ஃபோல்டரின் முழுப் பாதையும் எழுதப்படும். ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைத்தால் எடைமேடை என்ற ஒரு சொல்லே 21 பைட் தின்னும். பாதை நீண்டால், அவற்றை நிறுவும் பிப் ஒரு தந்திரம் செய்கிறது. முதல் வரியில் /பின்/எஸ்எச் என்று மட்டும் எழுதி, ஷெல்லுக்குக் கட்டளையாகவும் பைத்தானுக்கு வெறும் மேற்கோள் சரமாகவும் தெரிகிற இரண்டு வரியை அடுத்து வைக்கும். அதைப் படித்து ரசித்துவிட்டு ஃபோல்டர் பெயரைச் சுருக்கிவிடுவதே நல்லது.

நீண்ட வரியைப் பழைய லினக்ஸ் சத்தமில்லாமல் வெட்டி ஓட்டியது. வெட்டுப்பட்ட பாதை தவறான புரோகிராமைக் காட்டலாமே என்று 2019 தொடக்கத்தில் அதைத் தடுத்தார்கள். உடனே நிக்ஸ்ஓஎஸ் என்ற லினக்ஸில் பெர்ல் ஸ்கிரிப்ட்கள் படுத்தன. அவற்றின் முதல் வரி மிக நீளம். கர்னல் வெட்டினாலும் பெர்ல் அந்த வரியைத் தானே மறுபடி முழுதாகப் படித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் பிழைத்து வந்தவை. மாற்றத்தைத் திரும்பப் பெற்றார்கள். பிறகு, இன்டர்பிரட்டரின் பாதையே வெட்டுப்பட்டால் மட்டும் மறுப்பது, எல்லை 256 என்று முடிவானது. பலர் நம்பியிருக்கும் பிழையைத் திருத்துவதில் கர்னல்காரர்கள் காட்டும் தயக்கம் எனக்குப் பிடிக்கும்.

முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியிலும் # என்றால் குறிப்பு வரிதான். அதனால் பதிப்பி என்று தமிழில் கட்டளை எழுதிய கோப்பின் தலையிலும் #! போட்டு எழிலின் பாதையைக் கொடுக்கலாம். கர்னல் பைத்தானுக்குச் செய்வதையே அதற்கும் செய்யும். இலவச லேப்டாப்பில் பாஸ் லினக்ஸைப் பார்த்திருந்த ஒரு அப்ரண்டிஸ் பையனுக்கு இதைத்தான் முதலில் ஓட்டிக் காட்டினேன். “அண்ணா, இதுக்குத் தமிழ் தெரியுமா?” என்றான். தெரியாது, ஆங்கிலமும் தெரியாது என்றேன்.

கடைசியாக அந்த பென்டிரைவ். அதிலிருந்து எதுவும் ஓடக்கூடாது என்று நோஎக்ஸெக் போட்டு இணைத்தால், ஸ்கிரிப்ட்டின் பெயரைச் சொல்லி ஓட்ட முடியாது, அனுமதி இல்லை என்று வரும். ஆனால் எஸ்எச் என்று தட்டி, அதன் பின்னால் கோப்பின் பெயரைப் போட்டால் ஓடிவிடும். கர்னலைப் பொறுத்தவரை ஓடுவது ஷெல், பென்டிரைவில் இருப்பது அது படிக்கும் ஒரு கோப்பு. இந்த ஓட்டையை அடைக்க 2025இல் வந்த லினக்ஸ் 6.14இல் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இந்தக் கோப்பை ஓட்டலாமா என்று இன்டர்பிரட்டரே கர்னலிடம் கேட்டுக்கொள்ளலாம். கேட்கும் பழக்கம் பைத்தானுக்கும் ஷெல்லுக்கும் வர வேண்டும். அதுவரை எடை மேடைக் கம்ப்யூட்டர்களில் யுஎஸ்பி துளையை அடைத்து சீல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். டேர் பட்டியலைத் தனிக் கோப்பாகப் பிரித்துவிட்டேன், அதில் 13 வந்தாலும் ஸ்கிரிப்ட் கண்டுகொள்ளாது.